குதிருக்குள் ஒரு ஊற்றுக்கண்

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சத்தியம். நெஞ்சில் கை வைத்து, வெயிலைப் பார்த்து நின்று, வெறும் வயிற்றோடு செய்கிற சத்தியம். வயிறு நிறைந்தவன் சத்தியம் செய்தால் நடுவில் ஓர் ஏப்பம் வந்து அதைக் கெடுத்துவிடும். இதில் அந்தக் குறையும் கிடையாது.

அந்த ஊரில் மழை நின்று வெகுகாலமாகியிருந்தது. கத்துவது எப்படி என்று தவளைகளுக்கு மறந்துவிட்டது. காதில் கிடைத்த சத்தத்தை வைத்துக்கொண்டு ஒரு தவளை ஆடு மாதிரிக் கத்தப் பழகியது. கிணற்றில் வாளியை விட்டால் வாளி தாகத்தோடு மேலே வந்தது. எதிர்வீட்டுக் கோழி முதலில் கரு இல்லாத முட்டை போட்டது, அப்புறம் வெறும் ஓட்டைப் போட்டது, கடைசியில் முட்டை போட்டதாகக் கொக்கரித்துவிட்டு எழுந்து போய்விட்டது. எலிகள் ஊரைக் காலி செய்துகொண்டு வரிசையாகக் கிளம்பின. வரிசையில் கடைசியாக வந்த கிழட்டு எலி கிணற்றுக்காரர் வீட்டு வாசலில் நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, வருத்தமாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனது. அவரே தம் கண்ணால் பார்த்தார்.

கிணற்றுக்காரர் என்றால் கிணறு உள்ளவர் என்று நினைத்துவிடக் கூடாது. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கிணறு வெட்டிக் கொடுத்தவர். தரையைக் கடப்பாரையால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, "இங்க இருக்கு" என்பார். இருக்கும். இப்போது முழங்கால் இரண்டும் மடங்க மறுத்துவிட்டன. தரையும் என்ன தட்டினாலும் பதில் சொல்வதில்லை. ஒரே ஓர் அறையும் அடுக்களையும் உள்ள வீட்டில், மருமகளோடும் பேத்தியோடும் இருந்தார். மகன் நகரத்துக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்தான். முதலில் அடிக்கடி போன் வந்தது. பிறகு எப்போதாவது வந்தது. இப்போது போனில் ஏற்றிய சார்ஜ், செலவழிய வழியில்லாமல் அப்படியே கிடந்தது.

பேத்திக்கு வண்டு என்று பெயர் வைத்தது கிணற்றுக்காரர்தான். மற்றக் குழந்தைகள் பசித்தால் அழும். இவள் ரீங்காரம் போடுவாள். வாயை மூடிக்கொண்டு, மூக்கு வழியாக, 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில். சாப்பிட்டதும் நின்றுவிடும். ஆகவே வீட்டில் அடுப்பு எரிந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள அடுக்களைக்குப் போக வேண்டியதில்லை. காது இருந்தால் போதும்.

அறையின் மூலையில் குதிர் நின்றது. ஆள் உயரத்துக்கு மண்ணால் வனைந்த குதிர். மேலே மூடி, களிமண் பூசி அடைத்தது. அடியில் கை நுழைகிற அளவுக்கு ஒரு துளை, அதற்கொரு மண் கட்டை. உள்ளே விதைச் சோளம். சமையல் பானைகளில் இருப்பது வயிற்றுக்கு; குதிரில் இருப்பது நிலத்துக்கு. மழை விழுந்த பிறகுதான் அதில் கை வைக்கலாம். பானை காலியானால் அது பஞ்சம். குதிர் காலியானால் மூட்டையைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

அதனால் கிணற்றுக்காரர் விடிந்ததும் செய்கிற முதல் வேலை குதிரைத் தட்டிப் பார்ப்பது. விரல் முட்டியால் அடியிலிருந்து மேலே கழுத்து வரைக்கும் தட்டிக்கொண்டே போவார். தானியம் இருக்கிற இடத்தில் 'தொப்' என்று அமுங்கிய சத்தம் வரும். இல்லாத இடத்தில் 'டங்' என்னும். தட்டி முடித்து, "நிறைஞ்சிருக்கு!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்வார். அதைக் கேட்ட பிறகுதான் மருமகள் பாயைச் சுருட்டுவாள்.

பானைகள் காலியான பிறகு ஒரு நாள் நண்பகலில் வண்டுவின் ரீங்காரம் சுருதி மாறியது. கொஞ்சம் கீழே இறங்கிக் கரகரத்தது. கிணற்றுக்காரருக்குச் சத்தம் என்றால் தெரியும். இந்தச் சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை. மருமகள் தண்ணீருக்குப் போயிருந்தாள். குதிரின் காலடியில் காலை நீட்டி உட்கார்ந்து, கட்டையை உருவி, ஒரு கைப்பிடி சோளத்தை வாங்கிக்கொண்டு, எச்சில் தொட்டு மறுபடி அடைத்துவிட்டார்.

மருமகள் வந்ததும் நீட்டினார்.

"ஏது மாமா?"

"தையக்காரன் குடுத்தான்."

"அவரா!"

"மனசு இருக்கும்மா அவனுக்கு. வெளிய தெரியாது."

மறுநாள் விடியலில் பயந்துகொண்டே குதிரைத் தட்டப் போனார். கழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி அளவுக்காவது 'டங்' என்று கேட்க வேண்டும். 'தொப்' என்றது. காதை ஒட்டவைத்துத் தட்டினார். 'தொப்'. ஒரு கைப்பிடிதானே, அதற்குள் எங்கே தெரியப்போகிறது என்று சமாதானம் செய்துகொண்டு, "நிறைஞ்சிருக்கு!" என்றார். பொய் இல்லை.

பிறகு இரண்டு கைப்பிடி. தொப். ஒரு கிண்ணம். தொப். எடுக்க எடுக்கக் குதிர் கழுத்து வரை அப்படியே நின்றது. வேறொருவராக இருந்தால் பயந்திருப்பார், இல்லை பூசாரியைக் கூப்பிட்டிருப்பார். இவர் கிணறு வெட்டியவர். ஆயுள் முழுக்க, எடுத்தாலும் குறையாத ஒன்றைத் தேடித் தரையைத் தோண்டியவர். அவருக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. குதிருக்குள் ஒரு ஊற்றுக்கண் திறந்துவிட்டது, அவ்வளவுதான். தண்ணீர் தரையில் வராமல் போனதால், ஊறுகிற சக்தி எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? எடுக்காமல் விட்டால் ஊற்றுக்கண் தூர்ந்துவிடுமே என்ற கவலையில் தினமும் தவறாமல் எடுத்தார்.

இதற்கு நடுவில் தையல்காரர் பாடு வேறு. சோளத்தை அவர் கண்ணால் பார்த்தே வெகுநாளாகியிருந்தது. தைக்கத் துணி வராததால் தம் சட்டையையே பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தார். தெருவில் மருமகள் அவரை நிறுத்தினாள்.

"சித்தப்பா, உங்க புண்ணியத்துலதான் எங்க வீட்டுல அடுப்பு எரியுது."

தையல்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் புகழ்ச்சி தானாகவே நடந்து வரும்போது யார் திருப்பி அனுப்புவார்கள்?

"அட, இதெல்லாம் ஒரு விஷயமாம்மா? ஒருத்தருக்கு ஒருத்தர்."

"உங்களுக்கு இருக்குல்ல?"

"எனக்கென்ன! கொட்டிக் கிடக்கு" என்றார் தையல்காரர், பிரித்துத் தைத்த சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு.

கிணற்றுக்காரருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. நமக்குத் தெரிந்தால் தப்பில்லை. மருமகள் அவருக்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள். மாமனார் வெளியே போகிற நேரம் பார்த்து, உரலைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, மூடியின் களிமண்ணைக் கீறி, மேலிருந்து எடுத்தாள். ரோடு போடுகிற இடத்தில் சமையல்காரி கொடுத்தாள் என்று சொன்னாள். எடுத்த இடம் 'டங்' என்று காட்டிக் கொடுத்துவிடுமே என்று, புருஷன் விட்டுப்போன கட்டம்போட்ட சட்டையைச் சோளத்தின் மேல் விரித்து, வறண்ட ஆற்றிலிருந்து குடத்தில் மணல் கொண்டுவந்து அதன்மேல் கழுத்துவரை நிரப்பினாள். தட்டினால் மணலும் 'தொப்' என்றுதான் சொல்லும். அவளே தட்டிப் பார்த்திருந்தாள்.

ஆனால் ஒவ்வொரு தடவை மூடியைத் திறக்கும்போதும் மணல் எங்கோ ஆழத்தில் கிடந்தது. மணலை ஒதுக்கிச் சட்டைக்கு அடியில் கைவிட்டு அவள் எடுத்தது ஒரு கைப்பிடி. இறங்கியிருந்ததோ முழங்கை ஆழம். எலி மேல் பழி போடலாம் என்றால் எலிகள்தான் ஊரிலேயே இல்லையே. உரலின்மேல் நின்றபடி தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். இந்தக் கையா இவ்வளவு தின்றது? அன்றிலிருந்து தனக்கென்று ஊற்றிக்கொள்கிற கஞ்சியைப் பாதியாகக் குறைத்தாள். பாதி போனதும் மிச்சத்தில் பாதி. குறைத்துக்கொண்டே, இன்னும் ஒரு குடம் மணல் கொண்டுவந்தாள்.

இப்படி மாமனார் அடியில் எடுக்க, மருமகள் மேலே நிரப்ப, அந்தக் குதிர் ஒரு நாளும் குறையாமல் நிறைந்தே நின்றது.

அந்தச் சமயத்தில்தான் ஜீப்பில் ஓர் அம்மா வந்தார். தூசியெல்லாம் அடங்கிய பிறகு இறங்கினார். கையில் பலகை மாதிரி ஒரு போன். வீடு வீடாகப் போய்ச் சாப்பாடு இருக்கிறதா என்று கேட்டு, இல்லாத வீடுகளுக்கு மூட்டை அனுப்புவார்களாம். பின்னாலேயே பாதித் தெரு வந்தது. தையல்காரர் கிணற்றுக்காரர் வீட்டு நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டார்.

"பெரியவரே, நேத்து எத்தனை வேளை சாப்பிட்டீங்க?"

"எண்ணிக்கிட்டா சாப்பிடுவாங்க?"

"சும்மா சொல்லுங்க."

"பசிக்கிறப்போ எல்லாம்."

"பசியோட படுத்தது உண்டா?"

"படுக்கறதே அதுக்குத்தானேம்மா. படுத்தா பசி தெரியாது."

வாசலில் சிரித்தார்கள். அந்த அம்மா எதை அழுத்துவது என்று தெரியாமல் போனின்மேல் விரலை வட்டம் விட்டார். "வீட்டுல தானியம் கையிருப்பு ஏதாவது இருக்கா?"

கிணற்றுக்காரர் இதற்காகத்தான் காத்திருந்தார். கைத்தடியை ஊன்றி எழுந்தார். "வாங்க. காதை இப்படிக் குடுங்க."

அடியிலிருந்து கழுத்துவரை தட்டிக் காட்டினார். தொப், தொப், தொப். அந்த அம்மாவும் ஆசைப்பட்டுத் தாமே ஒருதரம் தட்டினார். தொப்.

"அடேயப்பா!"

"எங்க வீட்டுல குறையாது" என்றார் கிணற்றுக்காரர். "எடுத்தாலும் குறையாது."

மருமகள் அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். நகக்கண்ணில் மணல் இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவள் காலடியில் வண்டு ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பாப்பா என்ன பாட்டு பாடுது?"

"அதுவா, எப்பவும் இப்படித்தான். குஷி" என்றார் தாத்தா.

மருமகள் வாயைத் திறந்தாள். அத்தனை முகங்களும் அவள் பக்கம் திரும்பின. மாமனார் முகம், அதில் பல நாளாகக் காணாத ஒரு களை. தையல்காரர் முகம். பாதித் தெருவின் முகம். சொல்வதென்றால் ஒரே வரிதான். உள்ளே இருப்பது மணல், விதையை நான் தின்றுவிட்டேன். விதையைத் தின்றவள் என்று ஒருத்தியை அந்த ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. கேள்விப்பட்ட பிறகு அவளை என்ன செய்வார்கள் என்றும் தெரியாது.

"என்னம்மா, ஏதோ சொல்ல வந்தீங்க?"

"தண்ணி குடிக்கறீங்களா?" என்றாள் மருமகள்.

வீட்டில் இருந்ததே ஒரு சொம்புத் தண்ணீர். அந்த அம்மா நல்ல தாகத்தில் இருந்தார். ஒரு மடக்குகூட மிச்சம் வைக்காமல் குடித்தார்.

"கையிருப்பு உள்ள வீட்டுக்கு இந்தத் தடவை இல்லைங்க ஐயா. இல்லாதவங்களுக்குத்தான் முதல்ல."

"அதுதானே நியாயம்! இல்லாத பாவங்களுக்குக் குடுங்க" என்று பெரிய மனதோடு விடை கொடுத்தார் கிணற்றுக்காரர்.

அடுத்த வீட்டில் தையல்காரர் பானையைக் கவிழ்த்துக் காட்டினார். உள்ளிருந்து ஒரு சிலந்தி மட்டும் கோபமாக வெளியே வந்தது. அவருக்கு மூட்டை கிடைத்தது. இத்தனை நாள் வாங்கிய புகழுக்கு இப்போது யாராவது கிண்ணத்தோடு வந்து நிற்பார்களோ என்ற பயத்தில், அன்றிலிருந்து அவர் வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது.

ஜீப்பின் தடம் வாசலில் அழியும் முன்பே, ஒரு பகல், கிணற்றுக்காரர் வழக்கம்போலக் கட்டையை உருவினார். சோளம் வரவில்லை. விரலை விட்டார். மெத்தென்று ஏதோ பட்டது. பிடித்து இழுத்தார். ஒரு சட்டையின் கைநுனி வெளியே வந்தது. கட்டம்போட்ட துணி. மணிக்கட்டில் சிவப்புப் பொத்தான்.

அந்தப் பொத்தானை அவருக்குத் தெரியும். வெள்ளைப் பொத்தான் இல்லையென்று தையல்காரர் சிவப்பை வைத்துத் தைத்துவிட்டார். "என்னப்பா இது, கண்ணு சிவந்த மாதிரி?" என்று மகன் கத்தினான். அப்புறம் அதையே போட்டுக்கொண்டு திரிந்தான்.

இன்னும் கொஞ்சம் இழுத்தார். துணியைச் சுற்றி மணல் பொலபொலவென்று உள்ளங்கையில் கொட்டியது.

கிணறு தோண்டுகிறவனுக்கு அடியில் காய்ந்த மணல் வந்தால் அங்கே இனி ஒன்றும் இல்லை என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். கையில் மணலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குறையாத குதிர், ஆற்றுப் பக்கம் போய்ப் போய் வந்த குடம், திறந்த வாய், ஒரு சொம்புத் தண்ணீர், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வரிசையில் நின்றன. கோபப்பட்டுப் பார்த்தார். கோபத்துக்கும் வயிற்றில் ஏதாவது வேண்டியிருக்கிறது, பாதியிலேயே நின்றுவிட்டது. யார்மேல் கோபப்படுவது என்பதும் தெரியவில்லை. மேலே எடுத்தவள் ஒருத்தி என்றால் கீழே எடுத்தவர் ஒருவர் இருக்கிறாரே.

தூங்குகிற பிள்ளையின் கையைப் போர்வைக்குள் எடுத்து வைப்பது மாதிரி, அந்தக் கைநுனியை மெதுவாக உள்ளே தள்ளினார். கட்டையை அடைத்தார். கைத்தடியை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தார். சொல்ல வேண்டிய வாக்கியத்தை வழியெல்லாம் சொல்லிப் பார்த்தார். "நாந்தான் தின்னேன். எல்லாத்தையும் நாந்தான் தின்னேன். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது." நன்றாகத்தான் வந்தது. சொல்லத்தான் ஆள் இல்லை. ரோட்டில் ஆடு மேய்க்கிறவன் மட்டும் ஆடில்லாமல் உட்கார்ந்திருந்தான்.

"ஜீப்பு போயிருச்சு பெரியப்பா."

"மறுபடி எப்ப வருமாம்?"

"மழை பெஞ்சதும் வராங்களாம். அப்பத்தான் ரோடு எப்படி இருக்குன்னு தெரியுமாம்."

திரும்பி வந்தபோது மருமகள் இடுப்பில் குடத்தோடு உள்ளே நுழைந்துகொண்டிருந்தாள்.

"தையக்காரச் சித்தப்பா இன்னிக்கு ஒண்ணும் குடுக்கலீங்களா மாமா?"

"கதவைச் சாத்திட்டான்மா. ரோட்டுச் சமையக்காரி?"

"ரோடு போட்டு முடிச்சுட்டாங்களாம். போயிட்டாங்க."

கிணற்றுக்காரர் அவள் இடுப்பைப் பார்த்தார்.

"குடத்துல என்னம்மா?"

"தண்ணிங்க மாமா."

அவள் நடந்து வந்தாள். குடம் தளும்பவில்லை. தண்ணீர் தளும்பாமல் வருகிற குடத்தை அவர் பார்த்ததே இல்லை.

"பாத்து எறக்கு" என்றார். "சிந்திடப்போகுது."

மருமகள் குடத்தை இறக்கினாள். அப்போதுதான் குதிரின் காலடியைப் பார்த்தாள். கட்டையைச் சுற்றிப் புதிதாக அப்பிய ஈரம், பக்கத்தில் நாலைந்து மணல் துகள். முழங்கை ஆழம் எப்படி இறங்கியது என்று அவள் எண்ணி எண்ணிப் பார்த்த கணக்கு அந்த இடத்தில் சரியாகப் போயிற்று. நிமிர்ந்து மாமனாரைப் பார்க்கவில்லை. முந்தானையால் அந்த மணலை ஒற்றியெடுத்துவிட்டு, அடுக்களைக்குள் போனாள்.

மறுநாள் விடிந்ததும் கிணற்றுக்காரர் குதிரைத் தட்டினார். தொப், தொப், தொப். "நிறைஞ்சிருக்கு!" என்றார், வழக்கத்தைவிடச் சத்தமாக. மருமகள் பாயைச் சுருட்டினாள். அடுப்பைப் பற்றவைத்து வெறும் உலை வைத்தாள். உலை கொதித்தது. கொதிக்கிற சத்தத்துக்கு அடியில் வண்டுவின் ரீங்காரம், இப்போது தரையோடு தரையாக, காதை வைத்துக் கேட்டால்தான் கேட்கிற மாதிரி. தாத்தா காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரால் ஆனது அதுதான்.

அப்படியே மறுநாளும். அதற்கு மறுநாளும்.

அப்புறம் மழை வந்தது.

முதல் சொட்டு ஆடு மாதிரிக் கத்திக்கொண்டிருந்த தவளையின் தலையில் விழுந்தது. அது வெட்கப்பட்டுத் தன் பாஷைக்குத் திரும்பியது. அடுத்து விழுந்த மழையில் கிணறுகள் நிரம்பி, வழிந்து, வாளிகள் தாமாகவே மிதந்து வீடுகளுக்கு வந்தன. ஊரே கூடையோடு நிலத்துக்கு ஓடியது. கிணற்றுக்காரர் எல்லோர் முன்னாலும் கட்டையை உருவினார். மணல் கூடையில் நிரம்பியது. மருமகள் சட்டென்று கட்டம்போட்ட சட்டையால் அதை மூடினாள். மாமனாரும் மருமகளும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் நடந்தார்கள். அவர் கை வீசி விதைத்தார். அவள் பின்னாலேயே மண்ணைத் தள்ளி மூடினாள். பக்கத்து நிலத்தில் விதைத்தவர் கையிலிருந்து விழுந்ததும் கொஞ்சம் பொலபொலவென்றுதான் விழுந்தது. யாரும் யார் கூடையையும் எட்டிப் பார்க்கவில்லை.

முளைத்தது. மணல் முளைக்குமா என்று கேட்பவர்கள் அந்த நிலத்தைப் பார்த்ததில்லை. சோளத்தட்டை பனை உயரம் நின்றது. ஒரு கதிரைச் சுமக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. போன எலிகள் குடும்பத்தோடு திரும்பின. அந்தக் கிழட்டு எலி வாசலில் நின்று, உள்ளே பார்த்து, இந்தத் தடவை திருப்தியாகத் தலையை ஆட்டியது. தையல்காரர் கதவைத் திறந்தார். நகரத்தில் மாடி கட்டிக்கொண்டிருந்த மகன், சாரத்தின் உச்சியிலிருந்து, வானத்தை முட்டிக்கொண்டு நிற்கிற சோளக்கொல்லையைப் பார்த்துவிட்டு, கையில் இருந்த சாந்துக் கரண்டியைப் போட்டுவிட்டு நடந்தே ஊர் வந்து சேர்ந்தான். வாசலில் கால் வைத்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "என் சட்டை எங்க?"

குதிர் கழுத்துவரை நிறைந்தது. மருமகள் தனக்குப் பாதி போதும் என்று சொல்வதை விட்டாள். வண்டு தட்டு தட்டாகச் சாப்பிட்டாள். தாத்தா மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். அவள் ரீங்காரம் நின்றுபோயிற்று. வீடு அத்தனை அமைதியாக இருந்தது.

சத்தியம் செய்த வாய் இதையும் சொல்லியாக வேண்டும்: அந்த வருஷம் மழை பெய்யவே இல்லை.